எட்டியென்-ஜூல் மாரே

எட்டியென்-ஜூல் மாரே (மார்ச் 5, 1830 – மே 15, 1904) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். இதயத் துடிப்பு, குருதியோட்டம், விலங்குகளின் நடை, பறவைகளின் பறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் கருவிகளை இவர் உருவாக்கினார். ஒரே கருவியைக் கொண்டு ஒரு நொடிக்குள் சம கால இடைவெளியில் பல ஒளிப்படங்களை எடுக்கும் காலவரை ஒளிப்படவியல் எனும் நுட்பத்தை வளர்த்தெடுத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். திரைப்படத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் பெயர் குறிப்பிடப்படுவது வழக்கம். எனினும் திரைப்படம் இவருடைய நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. கண்ணால் பின்தொடர இயலாத விரைவான அசைவுகளை அளப்பதே இவர் வாழ்நாள் முழுதும் மேற்கொண்ட பணியாகும்.

இளமையும் கல்வியும்

மாரே, பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் என்னும் நகரில் பிறந்தார். திராட்சை மதுவிற்குப் பெயர் பெற்ற ஊர் அது. இவருடைய தந்தையாரும் மது வணிகத் தொழிலில் பணியாற்றியவரே. பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. சிறு வயது முதலே எந்திரப் பொறிகளைச் செய்து பார்ப்பதில் கைத்திறன் மிக்கவராக இருந்த மாரே, பொறியியல் கற்க விரும்பினார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தந்தையின் விருப்பமே நிறைவேறியது. 1849 ஆம் ஆண்டில் மாரே பாரிசு சென்று மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். 1859 இல் குருதியோட்டம் பற்றிய ஆய்வேட்டை அளித்து மருத்துவப் பட்டம் பெற்றார்.

கைவிடப்பட்ட பொறியியல் ஆர்வம் மருத்துவத்தின் வழியாகவே மீண்டும் வெளிப்பட்டது. உடலை ஓர் எந்திரமாகக் கொண்டு, அதன் அசைவுகளை எண்களாகவும் வரைகோடுகளாகவும் மாற்றுவதே இவரது அணுகுமுறையாக அமைந்தது.

வரைகோட்டு முறை

1860 இல் மாரே தமது நாடித்துடிப்பு வரைவியை வடிவமைத்தார். மணிக்கட்டில் பொருத்தப்படும் இக்கருவியில், நாடியின் எழுச்சியை ஒரு நெம்புகோல் பெரிதாக்கி, புகைக்கரி படிந்த தாளின் மீது கோடாக வரையும். கடிகாரப் பொறியொன்று அத்தாளைச் சீராக நகர்த்தும். இத்தகைய கருவி ஒன்றைச் செருமானிய மருத்துவர் கார்ல் ஃபியரோர்ட் முன்னரே உருவாக்கியிருந்தார். ஆனால் அது பருமனானது. அதன் எடை மிக்க நெம்புகோல் நாடியின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைச் சிதைத்தே பதிவு செய்தது. மாரே நெம்புகோலின் எடையைக் குறைத்ததன் மூலம் நாடி அலையின் உண்மையான வடிவம் கிடைத்தது. அசையும் பகுதியின் எடையே பதிவின் விரைவுக்குத் தடை என்ற இப்பாடம், பிற்காலத்தில் ஒளிப்படக் கருவிகளிலும் அவரை விடாது தொடர்ந்தது.

1860 களின் முற்பகுதியில் கால்நடை உடலியங்கியல் அறிஞர் ஓகுஸ்ட் ஷோவோவுடன் இணைந்து, குதிரையின் கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாய்களை இதயத்தினுள் செலுத்தி, இதய அறைகளின் அழுத்த மாற்றங்களை மாரே ஒரே நேரத்தில் பதிவு செய்தார். நெஞ்சின் மேல் உணரப்படும் துடிப்பு, கீழறை சுருங்கும் கணத்தில் நிகழ்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 1869 இல் பிரெஞ்சுக் கல்லூரியில் (கொலேழ் தெ ஃபிரான்சு) பேராசிரியரானார்.

அடுத்து அவர் கவனம் உடலின் வெளி அசைவுகளின் பக்கம் திரும்பியது. பூச்சியின் இறகு நுனி புகைக்கரி படிந்த உருளையைத் தொட்டுச் செல்லுமாறு செய்து, இறகடிப்பின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். வீட்டு ஈ நொடிக்கு ஏறத்தாழ 330 தடவையும், தேனீ 190 தடவையும், வெள்ளை வண்ணத்துப்பூச்சி 9 தடவையும் இறகடிப்பதாக அவரது அளவீடுகள் காட்டின. குதிரையின் குளம்பில் காற்றடைத்த ரப்பர்ப் பைகளைப் பொருத்தி, அவற்றிலிருந்து செல்லும் குழாய்களைக் குதிரையோட்டியின் கையிலிருந்த பதிவுக் கருவியுடன் இணைத்தார். ஒவ்வொரு குளம்பும் தரையைத் தொடும் நேரமும் விடும் நேரமும் தாளில் பதிவாயின. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு மேலே இருக்கின்றன என்பது இப்பதிவுகளிலிருந்து தெளிவாகியது. இவற்றையெல்லாம் தொகுத்து 1873 இல் விலங்கு எந்திரம் என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார்.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு கருவியும் ஓர் உறுப்பின் அசைவை மட்டுமே பதிவு செய்தது. மேலும், குழாய்களும் கம்பிகளும் பூட்டப்பட்ட பறவை இயல்பாகப் பறக்கிறது என்று கொள்ளவும் இயலாது. விலங்கைத் தொடாமலேயே அதன் அசைவைப் பதிவு செய்யும் வழி ஒன்று தேவைப்பட்டது.

மைபிரிட்ஜின் குதிரைப் படங்கள்

மாரேயின் நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் தொடருந்துத் தொழில் அதிபருமான லீலண்ட் ஸ்டான்போர்ட் குதிரையின் நடை பற்றி அறிவதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தார். அவரது பொருளுதவியுடன், ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878 சூன் மாதத்தில் பாலோ ஆல்ட்டோவில் 12 கருவிகளை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். பாதையின் குறுக்கே கட்டப்பட்ட இழைகளைக் குதிரை அறுத்துச் செல்லும்போது ஒவ்வொரு கருவியாக இயங்கியது. மாரேயின் வரைகோடுகள் சொன்னதையே இப்படங்களும் காட்டின.

அவ்வாண்டு இறுதியில் லா நத்யூர் என்னும் பிரெஞ்சு அறிவியல் இதழில் இப்படங்கள் வெளிவந்தபோது மாரே பெரிதும் வியந்தார். பறவைகளையும் இவ்வாறு படமெடுக்க முடியுமா என்று கேட்டு அவ்விதழின் ஆசிரியருக்கு எழுதினார். 1881 இல் மைபிரிட்ஜ் பாரிசு வந்தபோது அவருக்குத் தமது இல்லத்தில் வரவேற்பும் அளித்தார். ஆயினும் மைபிரிட்ஜ் கொண்டு வந்த பறவைப் படங்கள் மாரேயின் தேவையை நிறைவு செய்யவில்லை. பறவை இழையை அறுத்துச் செல்லாது என்பது வெளிப்படை. அதைவிட அடிப்படையான குறை ஒன்றும் இருந்தது. மைபிரிட்ஜின் முறையில் இரு படங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் குதிரையின் வேகமே முடிவு செய்தது. குதிரை விரைந்தால் இடைவெளி குறையும், தளர்ந்தால் கூடும். ஒவ்வொரு படமும் வேறொரு கருவியின் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. கால இடைவெளி சரியாகத் தெரியாத படத்தொடரிலிருந்து வேகத்தையோ முடுக்கத்தையோ கணக்கிட முடியாது. மாரேக்கு வேண்டியது ஒரே இடத்திலிருந்து, கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் எடுக்கப்படும் படத்தொடராகும்.

ஒளிப்படத் துப்பாக்கி

இதற்கு முன்மாதிரியாக வானியல் கருவி ஒன்று இருந்தது. 1874 இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் பதிவு செய்ய, பிரெஞ்சு வானியலாளர் பியேர் ஜான்சென் ஒளிப்படச் சுழல்துப்பாக்கி ஒன்றைச் சப்பானுக்குக் கொண்டு சென்றிருந்தார். சுழலும் வட்டத் தகட்டில் 72 நொடிகளில் 48 படங்களை அது பதித்தது. அதாவது ஒன்றரை நொடிக்கு ஒரு படம். மெதுவாக நகரும் கோளுக்கு அது போதும், பறவைக்குப் போதாது.

1882 இன் தொடக்கத்தில், தாம் குளிர்காலங்களைக் கழிக்கும் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் இருந்தபடி, மாரே தமது ஒளிப்படத் துப்பாக்கியை உருவாக்கினார். இதன் குழலில் வில்லையும், அடிப்பகுதியில் கடிகாரப் பொறியும் வட்டவடிவக் கண்ணாடித் தகடும் இருந்தன. தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால், நொடிக்கு 12 படங்கள் பதிவாகும். ஒரு பிளவை மட்டும் கொண்ட வட்டு நொடிக்கு 12 முறை சுழன்றது. பிளவின் அகலம் வட்டத்தின் அறுபதில் ஒரு பங்கு என்பதால், ஒவ்வொரு படத்திற்கும் ஒளிபடு நேரம் 1/720 நொடி. அக்காலத்தில் புதிதாகப் பரவியிருந்த செலட்டின் உலர்தகடுகளின் மிகுந்த ஒளியுணர்வே இத்துணைக் குறுகிய நேரத்தில் படம் பதியக் காரணமாயிற்று. முந்தைய ஈரத் தகடுகளைக் கொண்டு இக்கருவியை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

இங்குதான் பட வீதத்தின் அடிப்படைச் சிக்கல் மாரேயை எதிர்கொண்டது. படம் மங்கலாகாமல் இருக்க, ஒளி விழும் கணத்தில் தகடு அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த படத்திற்கு முன் அது நகர்ந்து மீண்டும் நிற்க வேண்டும். ஒரு நொடியில் 12 முறை நின்று 12 முறை புறப்படுவது கண்ணாடித் தகட்டிற்கு எளிதன்று. அதன் நிலைமம் காரணமாக வேகத்தை மேலும் கூட்ட இயலவில்லை. தகட்டைச் சிறிதாக்கினால் எடை குறையும், ஆனால் படமும் சிறிதாகும். துப்பாக்கி தந்த படங்கள் ஏற்கெனவே மிகச் சிறியவை. பெரிதாக்கும்போது பறவையின் நிழலுரு மட்டுமே எஞ்சியது. வீதம், படத்தின் அளவு, ஒளி ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்ட மற்றொன்றைக் குறைக்க வேண்டும் என்பதை மாரே இக்கருவியில் நேரடியாகக் கண்டார்.

அசையாத தகடு

தகட்டை நகர்த்துவதுதான் தடை என்றால், நகர்த்தாமலேயே விட்டுவிடலாம். மாரேயின் அடுத்த தீர்வு இதுவே. 1882 இல் பாரிசின் பூலோஞ் காட்டை அடுத்த பார்க் தெ பிரான்சு பகுதியில், நகரவையும் அரசும் அளித்த உதவியுடன் உடலியங்கியல் நிலையம் நிறுவப்பட்டது. ஓடுபாதைகளும், தண்டவாளத்தில் நகரும் படக்கருவி அறையும், கருப்புத் திரையிட்ட பெரிய கொட்டகையும் அங்கு அமைந்தன. மாரே நேப்பிள்சில் இருக்கும் மாதங்களில் நிலையத்தைக் கவனித்துக்கொண்டவர் உதவியாளர் ஜார்ஜ் தெமெனி ஆவார். உடற்பயிற்சியில் ஆர்வமுடைய தெமெனி, பல படங்களில் தாமே ஓடியும் குதித்தும் இருக்கிறார்.

புதிய கருவியில் ஒரே தகடு அசையாது நிற்கும். வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவே பிளவுகள் கொண்ட வட்டு சுழலும். வெள்ளை உடை அணிந்தவர் முழுக் கருப்புப் பின்புலத்தின் முன் ஓடுவார். பின்புலம் தகட்டில் எதையும் பதிக்காது என்பதால், ஷட்டர் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுபவரின் உரு மட்டும் அடுத்தடுத்த இடத்தில் பதியும். கருவியின் பார்வைக்குள் ஒரு கடிகார முகப்பையும் மாரே வைத்தார். கருப்பு முகப்பில் வெள்ளை முள் சுழல, ஒவ்வொரு படத்தின் நேரமும் அப்படத்திலேயே பதிவாகியது. வட்டு சீராகச் சுழன்றதா என்பதை இதைக் கொண்டே சரிபார்க்கலாம். எளிய ஏற்பாடுதான், ஆயினும் மாரேயின் படங்களை அளவைக் கருவிகளாக்கியது அந்தக் கடிகாரமே.

இம்முறையில் எந்திரத் தடை நீங்கியதே தவிர, வேறொரு தடை முளைத்தது. நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவரை நொடிக்கு 10 முறை படமெடுத்தால், அடுத்தடுத்த உருக்களுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி இருக்கும். உருக்கள் ஓரளவு பிரிந்தே தெரியும். அவரே மெதுவாக நடந்தால் இடைவெளி சாண் அளவுகூட இராது. உருக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். வீதத்தைக் கூட்டினால் குழப்பமும் கூடும்.

இதற்கு 1883 இல் மாரே கண்ட விடை அவருடைய தீர்வுகளுள் மிகவும் துணிவானது. வெள்ளை உடைக்குப் பதிலாகத் தலை முதல் கால் வரை கருப்பு உடை அணிவித்தார். கை, கால்களின் நீளவாக்கில் பளபளப்பான வெள்ளைப் பட்டைகளையும் மூட்டுகளில் வெள்ளைப் பொத்தான்களையும் தைத்தார். இப்போது தகட்டில் மனிதன் பதிவாகவில்லை. கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே பதிவாயின. கோடு இடத்தை அடைப்பதில்லை என்பதால், அதே தகட்டில் முன்னினும் பன்மடங்கு பதிவுகளை நெருக்கமாக எடுக்க முடிந்தது. முழங்கால் எந்தக் கணத்தில் எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பனவற்றை அளவுகோல் வைத்து அளக்கலாம். முகம், உடை, தசை எல்லாம் போயின. மாரேக்கு அவை வேண்டியிருக்கவில்லை. மூட்டுகளில் அடையாளப் புள்ளிகளை ஒட்டி மனித அசைவைப் பதிவு செய்யும் இன்றைய கணினி நுட்பம், இதே கருத்தின் மீதே அமைந்துள்ளது.

படச்சுருள்

எல்லா உயிரினங்களுக்கும் கருப்பு உடை தைக்க இயலாது. ஒரே இடத்தில் நின்று அசையும் பொருளையும் ஒரே தகட்டில் பதிவு செய்ய இயலாது. 1888 இல் ஈஸ்ட்மன் நிறுவனத்தின் ஒளியுணர் தாள்சுருள் கிடைக்கத் தொடங்கியதும் மாரே மீண்டும் நகரும் பரப்பிற்குத் திரும்பினார். கண்ணாடியுடன் ஒப்பிடத் தாளின் எடை மிகக் குறைவு. அவ்வாண்டு அக்டோபரில் அறிவியல் கழகத்தின் முன் தமது தாள்சுருள் பதிவுகளைக் காட்டினார். அவை நொடிக்கு 20 அளவில் எடுக்கப்பட்டவை. 1890 முதல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு சுருளைப் பயன்படுத்தினார். ஒளி விழும் கணத்தில் சுருளை ஒரு பிடிப்பான் அழுத்தி நிறுத்தும். ஷட்டர் மூடியதும் விட்டுவிடும். இக்கருவியில் வீதம் நொடிக்குப் பல பத்துகள் வரை உயர்ந்தது. பூச்சிகளைப் படமெடுக்க, சூரிய ஒளியை வில்லைகளால் குவித்து, ஒளிபடு நேரத்தை 1/25,000 நொடி வரை அவர் குறைத்தார்.

1889 ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சிக்கு வந்த தாமசு எடிசன், மாரேயைச் சந்தித்து அவரது கருவிகளைப் பார்த்தார். எடிசனின் ஆய்வகம் பின்னர் உருவாக்கிய கருவியில் சுருளின் இரு ஓரங்களிலும் துளைகள் இருந்தன. மாரேயின் சுருளில் துளைகள் இல்லை. ஆகவே அதில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள தொலைவு சற்றே மாறிக்கொண்டிருந்தது. படங்களைத் தாளில் அச்சிட்டு அளப்பதற்கு இது பெரிய இடையூறு அன்று. திரையில் காட்டினால் மட்டும் உருக்கள் மேலும் கீழும் குதித்தன. 1890 களின் தொடக்கத்தில் மாரே செய்த திரையீட்டுக் கருவி நிறைவளிக்காமல் போனதற்கு இதுவே முதன்மையான காரணம். துளையிடுவதற்கான அறிவு அவருக்கு இல்லாமல் இருந்திருக்கும் என்று எண்ண இடமில்லை; துளையைக் கட்டாயமாக்கும் தேவை அவரது ஆய்வில் எழவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகும். 1895 டிசம்பரில் லூமியேர் உடன்பிறப்புகள் நொடிக்கு 16 படங்கள் அளவில், துளையிட்ட சுருளைக் கொண்டு பாரிசில் பொதுமக்களுக்குத் திரையிட்டனர். மாரே எட்டியிருந்த வீதங்களை விட இது குறைவு. மக்களின் கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

தெமெனியுடன் பிரிவு

திரையீடு பற்றிய கருத்து வேறுபாடே மாரேயையும் தெமெனியையும் பிரித்தது. பேசும் மனிதனின் உதட்டசைவுகளை அண்மையில் படமெடுத்த தெமெனி, அவற்றை மீண்டும் அசையச் செய்து காட்டும் ஃபோனோஸ்கோப் என்ற கருவிக்கு 1892 இல் காப்புரிமை பெற்றார். காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பிக்க அது உதவும் என்று கருதப்பட்டது. அதனை வணிகப் பொருளாக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். நிலையம் பொதுப்பணத்தில் நடக்கும் அறிவியல் அமைப்பு என்பதில் மாரே உறுதியாக இருந்தார். பதினான்கு ஆண்டுகளை நெருங்கிய உறவு 1894 இல் முறிந்தது. தெமெனி நிலையத்தை விட்டு விலக நேர்ந்தது. அவரது வடிவமைப்பில் அமைந்த கருவியைப் பின்னர் கோமோன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. மாரேயின் நிலைப்பாட்டைப் பிடிவாதம் என்போரும் உண்டு. தெமெனியின் உழைப்புக்கு உரிய பங்கு நெடுங்காலம் தரப்படவில்லை என்பதும் ஏற்கத்தக்கதே.

கண் காண்பதையே மீண்டும் கண்ணுக்குக் காட்டுவதில் அறிவியலுக்குப் பயன் சிறிதே என்று மாரே கருதினார். விரைவாக நிகழ்வதை மெதுவாகவும், மிக மெதுவாக நிகழ்வதை விரைவாகவும் காட்டும்போதுதான் அசையும் படம் புதியதாக எதையேனும் சொல்கிறது என்பது அவர் கொள்கை.

விழும் பூனை

1894 அக்டோபரில் மாரே அறிவியல் கழகத்தின் முன் வைத்த படத்தொடர் ஒன்று கழகத்தில் பரபரப்பை ஏற்படுத்தியது. பூனையை முதுகு கீழாகப் பிடித்து விட்டால், அது நடுவழியில் திரும்பிக் கால்களை ஊன்றி விழும். எல்லோரும் அறிந்த இச்செய்தி அக்கால இயக்கவியல் அறிஞர்களுக்குச் சிக்கலாக இருந்தது. சுழற்சியின்றி விடப்பட்ட பொருள், வெளி விசை ஏதுமின்றித் தானாகச் சுழல முடியாது என்பது கோண உந்த அழிவின்மை விதியிலிருந்து பெறப்பட்ட முடிவு. எனவே பூனை தன்னைப் பிடித்திருக்கும் கையை உதைத்துத்தான் திரும்புகிறது என்று பலர் நம்பினர்.

நொடிக்கு 60 அளவில் எடுக்கப்பட்ட மாரேயின் படங்கள் வேறொன்றைக் காட்டின. விழத் தொடங்கிய கணத்தில் பூனையிடம் சுழற்சி ஏதும் இல்லை. முதலில் அது முன்கால்களை உடலோடு ஒடுக்கி, பின்கால்களை நீட்டி, முன்னுடலை மட்டும் திருப்புகிறது. ஒடுங்கிய பகுதி பெருமளவு திரும்பும்போது, விரிந்த பின்பகுதி எதிர்த்திசையில் சிறிதளவே திரும்புகிறது. பின்னர் முன்கால்களை நீட்டி, பின்கால்களை ஒடுக்கிப் பின்னுடலைத் திருப்புகிறது. மொத்தக் கோண உந்தம் எக்கணமும் சுழியாகவே இருக்க, உடல் முழுதும் திரும்பிவிடுகிறது. விதி பொய்க்கவில்லை, உருமாறும் உடலுக்கு அவ்விதியைப் பொருத்திய முறையே தவறாக இருந்தது.

பட வீதத்தின் முக்கியத்துவத்தை இந்நிகழ்வு நன்கு விளக்குகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய அரை நொடியை விடச் சற்றே கூடுதலான நேரம் ஆகும். ஒளிப்படத் துப்பாக்கியின் வீதத்தில் அதற்குள் ஆறு அல்லது ஏழு படங்களே கிடைக்கும். முன்னுடலும் பின்னுடலும் தனித்தனியே திரும்பும் வரிசையை அவற்றிலிருந்து அறிவது கடினம். நொடிக்கு 60 என்னும்போது முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைக்கின்றன.

இறுதி ஆண்டுகள்

மாரே 1895 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் தலைவராகப் பொறுப்பு வகித்தார். 1899 முதல் காற்றோட்டத்தைப் படமெடுப்பதில் ஈடுபட்டார். கண்ணாடிச் சுவர் கொண்ட பெட்டிக்குள் இணையான மெல்லிய புகை இழைகளைச் செலுத்தி, தடைகளைச் சுற்றி அவை வளைவதைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் இதற்குப் பொருளுதவி அளித்தது. வானூர்தி பறப்பதற்கு முன்னரே செய்யப்பட்ட இவ்வாய்வுகள், பிற்காலக் காற்றுச் சுரங்கங்களின் முன்னோடி எனலாம்.

பல நாட்டு ஆய்வாளர்கள் பதிவுக் கருவிகளைப் பொது அளவுகளுக்கு உட்படுத்தும் பொருட்டு நிறுவப்பட்ட மாரே நிறுவனம், உடலியங்கியல் நிலையத்தின் வளாகத்திலேயே அமைந்தது. மாரே மே 15, 1904 அன்று பாரிசில் காலமானார்.

அவருடைய உதவியாளர் லூசியன் புல் அதே ஆண்டில் பூச்சிகளின் பறப்பை நொடிக்கு 1,200 படங்கள் வரை பதிவு செய்தார். அவ்வளவு விரைவில் சுருளை நிறுத்தி நகர்த்துவது எந்த எந்திரத்தாலும் ஆகாது. ஆகையால் அவர் சுருளை உருளை ஒன்றில் சுற்றி, நிற்காமல் சுழல விட்டார். ஷட்டருக்குப் பதிலாக மின்பொறியைப் பயன்படுத்தினார். பொறியின் வெளிச்சம் நீடிக்கும் நேரம் மிகக் குறைவாதலால் ஓடும் சுருளிலும் படம் மங்கவில்லை. இதற்கும் ஒரு விலை இருந்தது. உருளையின் சுற்றளவுக்கு மேல் படமெடுக்க முடியாது. நிகழ்வின் மிகச் சிறு பகுதியே பதிவாகும்.

இன்றைய படக்கருவிகள்

தொழிற்சாலைகளில் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் எண்முறைப் படக்கருவிகளில் நிலைமம் என்ற தடை இல்லை. ஆயினும் அவற்றின் பட வீதத்தை உயர்த்த முனையும் பொறியாளர் எதிர்கொள்ளும் தெரிவுகள் மாரே எதிர்கொண்டவற்றை ஒத்திருக்கின்றன. நொடிக்கு 200 படங்கள் வேண்டுமெனில், ஒவ்வொரு படத்திற்கும் கிடைப்பது 5 மில்லி நொடி மட்டுமே. ஒளிபடு நேரம் அதற்குள் அடங்க வேண்டும். ஒளிபடு நேரத்தைக் குறைத்தால் விளக்கொளியைக் கூட்ட வேண்டும். மின்னணுப் பெருக்கத்தைக் கூட்டியும் ஈடு செய்யலாம். ஆனால் படத்தில் இரைச்சல் புள்ளிகள் மிகும்.

அடுத்த தடை, படத்தைக் கணினிக்கு அனுப்பும் வடத்தின் கொள்ளளவு. கிகாபிட் ஈத்தர்நெட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 120 மெகாபைட் செல்லும். 1280 × 1024 படப்புள்ளிகளும் புள்ளிக்கு 8 பிட்டும் கொண்ட படம் ஒன்று ஏறத்தாழ 1.3 மெகாபைட் ஆகும். ஆகவே உணரி எத்துணை விரைவாக இருப்பினும் நொடிக்கு 90 படங்களுக்குச் சற்றே மேல் அனுப்ப இயலாது. படப்பரப்பின் உயரத்தைப் பாதியாகக் குறைத்தால் வீதம் ஏறத்தாழ இரட்டிக்கும். சீமாஸ் வகை உணரிகள் பெரும்பாலும் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால், அகலத்தைக் குறைப்பதை விட உயரத்தைக் குறைப்பதே உணரியின் வேகத்தைக் கூட்டும். தேவையான பகுதியை மட்டும் படித்து, மற்றதைக் கைவிடும் இந்த அமைப்பு, கருப்பு உடையில் வெள்ளைப் பட்டைகளைத் தைத்த மாரேயின் வழியே ஆகும். சில கருவிகள் படங்களைத் தம் நினைவகத்தில் சேமித்துப் பின்னர் மெதுவாக அனுப்புகின்றன. அங்கு வீதம் மிக உயரும். நினைவகம் நிறையும் வரைதான் பதிவு நீடிக்கும் என்பது புல்லின் உருளையை நினைவூட்டுகிறது.

தாக்கமும் நினைவுச் சின்னங்களும்

மாரேயின் படங்கள் ஓவியர்களையும் கவர்ந்தன. மார்செல் துஷான் 1912 இல் வரைந்த, படியிறங்கும் உருவம் பற்றிய புகழ்பெற்ற ஓவியத்தில் மாரேயின் ஒரே தகட்டுப் படங்களின் சாயலைக் காணலாம். துஷானும் அத்தொடர்பை ஒப்புக்கொண்டுள்ளார். இத்தாலிய எதிர்காலவிய ஓவியர்களிடமும் இத்தாக்கம் உண்டு. பறவைகளின் பறப்புப் பற்றி 1890 இல் வெளிவந்த அவரது நூலும், அசைவு என்ற தலைப்பில் 1894 இல் வெளிவந்த நூலும் காலவரை ஒளிப்படவியலின் அடிப்படை நூல்களாகக் கருதப்படுகின்றன.

பூலோஞ் காட்டருகே இருந்த மாரே நிறுவனக் கட்டடம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. ரோலாண் காரோஸ் டென்னிசு அரங்கின் விரிவாக்கத்திற்காக அந்நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1914 இல் அங்கு எழுப்பப்பட்ட மாரேயின் நினைவுச் சின்னம் காக்கப்பட்டுள்ளது. அவருடைய தகடுகளிலும் படச்சுருள்களிலும் பெரும் பகுதி பாரிசிலுள்ள சினிமாதெக் பிரான்சேஸ் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.